ஜெர்சி பிராண்ட் ஆரம்பிக்கிறேன் என்கிற பிளஸ் டூ மகன்: ராணிப்பேட்டை அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முழுசாகப் படித்தேன். காமர்ஸ் படிக்கிற பையன், பள்ளி பாஸ்கெட்பால் டீமில் ஆடுகிறவன், ராத்திரி வெகுநேரம் போனில் ஜெர்சி டிசைன் போட்டுக்கொண்டிருக்கிறான். காலேஜ் வேண்டாம், கையால் செய்த கஸ்டம் ஜெர்சி விற்கிற ஸ்ட்ரீட்வேர் பிராண்ட் தொடங்கப் போகிறேன், ஒரு லட்சம் கொடுங்கள் என்கிறான். "இவ்வளவு படிக்க வெச்சு கடைசியில டெய்லர் ஆகப் போறானா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கவலை வேறு. அவன் அனுப்பியிருந்த பதினைந்து டிசைன்களையும் பார்த்தேன். நிறம் சேர்க்கத் தெரிகிறது, எழுத்து வடிவத்தில் கண் இருக்கிறது. ஆனால் ஒன்றுகூடத் துணியில் இல்லை. எல்லாம் திரையில். தையல் எங்கே போடுவாய் என்று போனில் கேட்டேன். "அதெல்லாம் வெளியில கொடுத்துக்கலாம் சார்" என்றான். கையால் செய்தது என்று சொல்லி விற்கப் போகிறவன் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அவன் டெய்லர் ஆகிவிடுவானோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆக மாட்டேன் என்கிறானே என்பதுதான் என் பயம்.

நீங்கள் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் எந்தக் கம்பெனியிலாவது சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிற பேட்டர்ன் மாஸ்டர் ஒரு வாரம் லீவு போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு பையர் அனுப்புகிற படத்தை, வெட்டித் தைக்கக்கூடிய பொருளாக மாற்றுகிறவர் அவர்தான். படம் போடுகிறவர்கள் நிறைய. மாற்றத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகன் எந்தப் பக்கம் நிற்கப் போகிறான் என்பதை வைத்துத்தான் அவன் எதிர்காலத்தைச் சொல்ல முடியும்.

ஜெர்சி தொழிலில் இரண்டு பாதை இருக்கிறது. முதலாவது சப்ளிமேஷன். டிசைனைக் காகிதத்தில் அச்சிட்டு, சுமார் 200 டிகிரி சூட்டில் துணியோடு வைத்து அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி பாலியெஸ்டர் நூலுக்குள்ளேயே போய்விடும். உரியாது, வெடிக்காது. ஆனால் பருத்தியில் ஏறாது. வெள்ளை மையும் கிடையாது என்பதால் வெள்ளை அல்லது வெளிர் துணியில்தான் செய்ய முடியும். இன்று காலேஜ் டீம்கள் போடுகிற ஜெர்சியில் பெரும்பகுதி இதுதான். ஃபைல் அனுப்பினால் திருப்பூரில் அடித்துத் தைத்து அனுப்பிவிடுவார்கள். வேலை சுலபம் என்பதால் போட்டியும் அதிகம். இருபது ரூபாய் குறைத்துக் கொடுக்க எப்போதும் இன்னொருவர் இருப்பார்.

இரண்டாவது, உங்கள் மகன் ஆசைப்படுகிற பாதை. நிறத் துணிகளைத் தனித்தனியாக வெட்டி இணைப்பது, எண்ணையும் எழுத்தையும் ட்வில் என்கிற கெட்டித் துணியில் வெட்டி ஜிக்ஜாக் போட்டுத் தைப்பது, எம்பிராய்டரி, கழுத்துக்கும் கைக்கும் ரிப் என்கிற நீளும் பட்டி. அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வின் பழைய ஜெர்சிகளின் அழகே அந்தத் தைத்த எழுத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1904இல் தொடங்கிய மிட்செல் அண்ட் நெஸ் நிறுவனம் இன்றைக்கும் அந்தப் பழைய பாணி ஜெர்சிகளைத்தான் நல்ல விலைக்கு விற்கிறது. இதற்கு மதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மதிப்பு முழுக்கத் தையலில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தையல் சாமானியமானதும் இல்லை. ஜெர்சித் துணி நெய்தது அல்ல, பின்னியது. இழுத்தால் நீளும். சட்டை தைக்கிற ஊசியைப் போட்டால் கண்ணி அறுந்து ஓட்டை விழும், முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி வேண்டும். தோள், பக்கத் தையலுக்கு ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின், மடிப்புக்குத் தட்டையாகத் தைக்கிற பிளாட்லாக் மெஷின். நீளும் துணிமேல் நீளாத ட்விலை அப்படியே வைத்துத் தைத்தால் எண்ணைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கும், அடியில் ஒரு தாங்கு துணி கொடுத்தாக வேண்டும். சிவப்பு பாலியெஸ்டர்மேல் சூடு வைத்து வெள்ளை எண் ஒட்டினால், அடிச்சாயம் மேலே ஏறி வெள்ளை ரோஸ் ஆகிவிடும். இதையெல்லாம் வீடியோ பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் நாலு துணி பாழாகாமல் கைக்கு வராது.

அவன் டிசைன்களில் ஒன்று எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது: குடியாத்தம் லுங்கிக் கட்டத்தை வெட்டி எண்ணாகத் தைக்கிற யோசனை. நம் வேலூர்ப் பக்கத்து ஆளுக்குத்தான் தோன்றும். வேறு ஊர்க்காரன் எவனும் காப்பியடித்துக் கொண்டுவர முடியாத, இந்த மண்ணுக்கே உரிய விஷயம். ஆனால் லுங்கி பருத்தி, ஜெர்சி பாலியெஸ்டர். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது, எண் கோணிக்கொள்ளும். சாயம் விடுகிற லுங்கியாக இருந்தால் வெள்ளை ஜெர்சி அன்றைக்கே முடிந்தது. லுங்கியை முதலிலேயே இரண்டு தடவை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்ட வேண்டும். அவனிடம் இதைச் சொன்னபோது அமைதியாகிவிட்டான். நல்ல அமைதி என்றே எடுத்துக்கொண்டேன்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஜெர்சித் துணி 160 ஜிஎஸ்எம் என்று வைப்போம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 160 கிராம். முன்னும் பின்னும் 80க்கு 60 செ.மீ. என்று வைத்தால் ஒரு ஜெர்சிக்கு 150 கிராம் சொச்சம், சேதாரத்தோடு 200 கிராம். ஒரு கிலோவில் ஐந்து ஜெர்சி. எனவே துணி பெரிய செலவு இல்லை. ஒரு பேச்சுக்கு 1,500 ரூபாய்க்கு விற்கிறான் என்று வையுங்கள். துணி, ரிப், ட்வில், நூல், ஓவர்லாக் கூலி, கவர், கூரியர் எல்லாம் சேர்த்து 550. மிச்சம் 950. ஆஹா என்றுதான் தோன்றும். ஒன்றைச் செய்ய எட்டு மணி நேரம் ஆனால் அது மணிக்கு 120 ரூபாய்கூட இல்லை. ஐந்து செய்து ஒன்று கெட்டுப்போனால் மணிக்கு 80 ரூபாய் சொச்சம். வாட்ஸ்அப்பில் "ப்ரோ, எப்ப வரும்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற நேரம் இதில் சேரவில்லை. அதே ஜெர்சியை நாலு மணி நேரத்தில் கெடுக்காமல் முடிக்கக் கற்றுக்கொண்டால் மணிக்கு 235க்கு மேல். அவன் வருமானத்தை உயர்த்தப் போவது டிசைனோ இன்ஸ்டாகிராமோ இல்லை, கைவேகம்தான்.

அதுவரை சாப்பாட்டுக்கு வழி டீம் ஆர்டர்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. விஐடியில் ரிவேரா விழா வந்தால் எத்தனை டீம் ஆடுகிறது! சிஎம்சி, ஊரீசு கல்லூரிகள், பள்ளிகள், கிளப்புகள் இருக்கின்றன. பாஸ்கெட்பாலில் ஒரு டீமுக்கு 12 பேர் என்பது நல்ல அளவு, சின்ன இடத்தில் சமாளிக்கலாம். சர்வதேச விதிப்படி 0, 00, அப்புறம் 1 முதல் 99 வரை எண் போடலாம், ஒரே டீமில் இரண்டு பேருக்கு ஒரே எண் கூடாது. போட்டி அட்டவணையில் முதலில் பெயர் வருகிற டீம் வெளிர் நிறம், மற்றது அடர் நிறம். ஆடுகிற பையன் என்பதால் இது அவனுக்கே தெரிந்திருக்கும். ஆர்டர் எடுக்கும்போது இதைச் சொல்லத் தெரிந்தவன் மேல் பி.டி. மாஸ்டருக்கு நம்பிக்கை வரும். பெயர் எழுத்துகளை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் கத்தரியைத் தொடக் கூடாது. பெயர் போட்ட ஜெர்சி திரும்பி வந்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் பாதிப் பணமாவது முன்பணம்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். அவன் டிசைன்களில் நாலு, என்.பி.ஏ. டீம்களான லேக்கர்ஸ், புல்ஸ் பெயரையும் சின்னத்தையும் கொஞ்சம் மாற்றிப் போட்டவை. எல்லோரும் செய்கிறார்கள் என்கிறான். டீமின் பெயரும் சின்னமும் வணிக முத்திரைகள். அனுமதியில்லாமல் போட்டு விற்றால் 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டப்படி சிறைத்தண்டனை வரை போக இடமிருக்கிறது. நடைமுறையில் முதலில் பறிபோவது இன்ஸ்டாகிராம் பக்கம், இரண்டு வருட உழைப்போடு. லேக்கர்ஸ் போடுகிற மஞ்சளும் ஊதாவும் யார் வேண்டுமானாலும் போடலாம். பெயரையும் சின்னத்தையும் தொட வேண்டாம். அந்த நாலையும் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். தன் பிராண்ட் பெயரை அவனே பதிவு செய்ய ஆடைகளுக்கான 25ஆம் வகுப்பு இருக்கிறது, தனிநபருக்கு இணைய வழியில் 4,500 ரூபாய். அதுவும் இப்போது வேண்டாம், ஐம்பது ஜெர்சி விற்ற பிறகு பார்க்கலாம்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் இந்தச் சலுகையை நம்ப முடியாது. சித்தூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான், வரிக் கணக்கில் அது வெளி மாநிலம். அந்தக் கட்டம் வரும்போது ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி படிப்பு. காலேஜ் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. அதே நேரம் பி.காம். மட்டும் போதும் என்பதையும் ஏற்கவில்லை. அவனுக்குப் பொருத்தமான இடம் சென்னை தரமணியில் இருக்கிற நிஃப்ட் என்கிற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரி. அங்கே நிட்வேர் டிசைன் என்றே பி.டெஸ். (டிசைன் பட்டப் படிப்பு) பாடப்பிரிவு இருக்கிறது, பின்னல் துணியைப் பற்றிய நாலு வருடப் படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் எழுதலாம். எழுத்துத் தேர்வும் வரைதல் தேர்வும் தாண்டினால், கொடுத்த பொருட்களை வைத்து அங்கேயே கையால் ஒரு மாதிரி செய்து காட்டச் சொல்வார்கள். போனில் மட்டும் டிசைன் போடுகிறவன் அங்கே திணறுவான். செலவையும் மறைக்காமல் சொல்கிறேன்: நாலு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். ஸ்காலர்ஷிப், கல்விக்கடன் பற்றி முன்னாலேயே விசாரித்து வையுங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வந்த பிறகு யோசிப்போம், முன்னால் வேண்டாம்.

அது கிடைக்கவில்லையென்றால் வேலூரிலேயே பி.காம். சேரட்டும், மாலையில் தையல் கற்கட்டும். ஒரு வருடம் தனியாக ஒதுக்க முடிந்தால் ஐடிஐயில் தையல் தொழில்நுட்பம் படிக்கலாம், செலவு மிகக் குறைவு. நம் ஆட்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. எனக்கோ, பணம் கட்டி வாங்குகிற பல தனியார் ஃபேஷன் டிப்ளமோக்களைவிட அது மேலாகப் படுகிறது. அங்கே குறைந்தபட்சம் மெஷினில் உட்கார வைப்பார்கள். பிராண்ட் ஓடாமல் போனாலும் பேட்டர்ன், ஜிஎஸ்எம், காஸ்டிங் (விலைக் கணக்கு) தெரிந்த பி.காம். பையனுக்குத் திருப்பூரிலும் சென்னையிலும் ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுக்கிற மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போக வழி இருக்கிறது. பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடவும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. உங்கள் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமிலேயே இந்தத் திறமைக்கு மதிப்பு உண்டு.

அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். கடன் திட்டம் எதுவும் வேண்டாம். சுயதொழில் மானியக் கடன்களுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குப் பதில், பொதுத்தேர்வு முடிந்ததும் ஜிக்ஜாக் போடக்கூடிய செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஓவர்லாக் வெளியில் அடித்துக்கொள்ளலாம். காட்பாடியில் கோவை ரயில் ஏறித் திருப்பூரில் இறங்கி, காதர்பேட்டையில் இரண்டு கிலோ துணி வாங்கி வரட்டும், நீங்களும் கூடப் போங்கள். தையலைப் பார்த்த மாத்திரத்தில் குறை சொல்லத் தெரிந்த கண் உங்களுடையது. வீட்டில் அவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். திட்டுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு வரை இந்தப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று அவனிடமும் சொல்லியிருக்கிறேன். மே மாதக் கடைசியில் இரண்டு பேரும் வாருங்கள். வரும்போது அவன் கையால் வெட்டி, தைத்து, ஐந்து தடவை துவைத்த ஒரு ஜெர்சி வேண்டும், குடியாத்தம் கட்டம் போட்டது. கூடவே ஒரு நோட்டு: எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு துணி வீணானது, யாருக்கு என்ன கூலி கொடுத்தான் என்று தேதி போட்டு எழுதியது. போனைக் கொண்டு வரத் தேவையில்லை.