கிழவரின் விரலும் இசைத்தட்டும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதை நம்பி பிரெஞ்சு இயக்குநர் ழான் விகோவின் ‘லாதலாந்த்’ (1934) படம் பார்த்தேன். கல்யாணம் ஆகிறது, சரக்குப் படகில் குடித்தனம், சண்டை, அவள் நகரத்துக்குப் போய்விடுகிறாள், திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஒலி வேறு கரகரவென்று இருக்கிறது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

அப்படியெல்லாம் இல்லை. முதல்முறை பார்த்தபோது நான் பாதியில் தூங்கிவிட்டேன். கதை சாதாரணம் என்பதும் சரிதான். அது விகோ எழுதிய கதையே அல்ல, தயாரிப்பாளர் கொடுத்தது.

ஆனால் ஒலியைக் குறை சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பேச்சு இருக்கிறது. படகில் வேலை செய்கிற கிழவர் ஜூல் ஓர் இசைத்தட்டை விரலால் தேய்க்கிற இடம் நினைவிருக்கிறதா? தேய்த்தால் இசை வருகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. அவராக நடிக்கும் மிஷெல் சிமோனின் முகம் குழந்தை முகமாகிவிடுகிறது. மறுபடி தேய்க்கிறார், மறுபடி வருகிறது. பார்த்தால், பக்கத்தில் படகுப் பையன் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருக்கிறான்! பிரான்சில் பேசும்படம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிம்பத்தோடு ஒலியை ஒட்டுவதே ஒரு கண்கட்டு வித்தை என்று விகோ சிரித்துக்கொண்டே போட்டு உடைத்துவிடுகிறார்.

அப்புறம் அதே வித்தையை நிஜமாகவே செய்கிறார். நகரத்தில் தொலைந்துபோன மனைவி ஜூலியெத், காசு போட்டுப் பாட்டுக் கேட்கிற கடையில் படகுக்காரர்களின் பாட்டைக் கேட்கிறாள். தெருவில் அவளைத் தேடி அலைகிற கிழவரின் காதில் அது விழுகிறது. உள்ளே நுழைகிறார், பெண்ணை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்துவைப்பது ஒரு பாட்டு.

இதற்கு இசை மொரிஸ் ழோபேர். படத்தை வெளியிட்ட கோமோன் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? படம் ஓடாது என்று பயந்து வெட்டித்தள்ளியது. அப்போது பிரபலமாக இருந்த வேறொரு பாட்டை உள்ளே செருகி, படத்துக்கும் அந்தப் பாட்டின் பெயரையே வைத்து 1934 செப்டம்பரில் வெளியிட்டது. காசநோயில் படுத்திருந்த விகோ அக்டோபர் 5 அன்று இறந்துபோனார். வயது 29. வெட்டியதில் பெரும்பகுதியைத் தேடிச் சேர்த்து 1990இல்தான் ஒரு நல்ல பிரதி வந்தது. நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி என்று பாருங்கள்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் ராத்திரியில், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாருங்கள். கரகரப்பு அப்போதும் கொஞ்சம் இருக்கும்.