கிறிஸ்துமஸுக்கு எந்த மரம்: வெட்டியதா, தொட்டியில் வளர்வதா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். பூச்செடி, கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுதான் வியாபாரம். புனித அன்னாள் ஆலயத்துக்குப் போகிற குடும்பங்கள் சில, உண்மையான கிறிஸ்துமஸ் மரம் கிடைக்குமா என்று வருடா வருடம் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற வெட்டிய மரத்தை வாங்கி விற்கலாமா, தொட்டியில் வளர்த்துக் கொடுக்கலாமா, இல்லை பேசாமல் பிளாஸ்டிக் மரமே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. என்னைக் கேட்டால் தொட்டி மரம்தான், அதிலும் நார்ஃபோக் பைன். ஆனால் அதை வீட்டுக்குள் வைக்கிற செடி என்று சொல்லி விற்காதீர்கள். அது வெளியே வெளிச்சத்தில் வளரவேண்டிய மரம். பண்டிகைக்கு இரண்டு வாரம், ஜன்னலோரமாக நல்ல வெளிச்சம் இருந்தால் மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டுத் திரும்ப வெளியே போகவேண்டும். வாங்குகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் அவ்வளவு ஆசையாக வாங்கிய மரம் பிப்ரவரிக்குள் காய்ந்து குப்பைக்குப் போகிறது.

வெட்டிய மரத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஃபிரேசர், நோபிள் என்ற பெயரில் விற்பவை அமெரிக்காவில் பண்ணையில் வளர்க்கிற ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள். காட்டை அழித்துக் கொண்டுவருகிறார்கள் என்று சிலர் சங்கடப்படுவார்கள், அப்படி இல்லை. ஆறடி மரம் வர ஏழு முதல் பத்து வருடம் ஆகும், வெட்டிய பிறகு மறுபடியும் கன்று நடுகிறார்கள். உங்களுக்குச் சிக்கல் வேறு. குளிர்சாதனக் கண்டெய்னரில் கடல்வழியாக வாரக்கணக்கில் வந்த மரம், கதவைத் திறந்ததும் நம் ஊர் வெக்கையில் நிற்கும். இறக்குமதிக்கு மாக்கிஸ் (மலேசியாவில் செடிகொடி இறக்குமதியைக் கவனிக்கிற அரசுத் துறை) அனுமதி வேண்டும், அனுப்புகிற நாட்டின் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். நர்சரிகள் நிறைந்த சுங்கை பூலோ மாதிரி இடத்தில் பெரிய அளவில் செய்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகலாம், உங்களுக்கு ஆகாது, ஏனென்றால் டிசம்பர் 25 தாண்டிவிட்டால் மிச்சமிருக்கிற மரத்துக்கு விலையே கிடையாது. யாராவது கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் பெரிய நர்சரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது அடித்தண்டை முக்கால் அங்குலம் புதிதாக அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்தச் சொல்லுங்கள். அறுத்த முகம் காய்ந்தால் பிசின் அடைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் ஏறாது. தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்குத் தினமும் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், நான்கு அங்குலத் தண்டு என்றால் நான்கு லிட்டர். ஏர்கோன் காற்று நேராகப் படக்கூடாது.

இனி நார்ஃபோக் பைன். பைன் என்று சொன்னாலும் அது பைன் குடும்பம் இல்லை, அரௌகேரியா என்ற வேறு குடும்பம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவிலுள்ள நார்ஃபோக் தீவுதான் சொந்த இடம். பனி கேட்காத மரம், உப்புக்காற்றையும் தாங்கும், அதனால் பினாங்கு வெக்கை அதற்குப் பிரச்சனையே இல்லை. கன்று எடுக்கும்போது ஒரு தொட்டியில் மூன்று நான்கு நாற்றைச் சேர்த்து நட்டு அடர்த்தியாகக் காட்டுகிறார்களே, அதை எடுக்காதீர்கள். இப்போது அழகாக இருக்கும், வளர வளர ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்டெல்லாம் வெளிப்பக்கம் வளையும். ஒற்றைத் தண்டாக, நுனிக்குருத்து ஒடியாமல் இருப்பதைப் பார்த்து எடுங்கள். நுனி போனால் மரத்தின் வடிவமே போய்விடும். கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்துப் பெருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், கிளையில் வந்த செடி பக்கவாட்டில் படர்ந்துதான் வளரும், நிமிராது.

கலவைக்கு மேல்மண், கருக்கிய உமி, ஆற்றுமணல் போதும், தண்ணீர் தேங்காமல் வடிவதுதான் முக்கியம். நம் பக்கம் செப்டம்பர், அக்டோபர் மழையில் வேர் அழுகிப்போகிற செடிதான் அதிகம், தொட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பினால் எல்லாப் பக்கமும் சமமாக வரும். வருடத்துக்கு ஓர் அடி வளரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் வரும், அதனால் இது பொறுமையாகச் செய்யவேண்டிய வியாபாரம். அடிக்கிளை ஒருமுறை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது, அதனால் கன்றுகளை நெருக்கி அடுக்கவே கூடாது.

விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே அரைநிழலுக்கு மாற்றிப் பழக்குங்கள். பண்டிகை முடிந்ததும் வாங்கியவரும் அப்படியே செய்யவேண்டும், வரவேற்பறையிலிருந்து எடுத்து நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும். தொட்டியைச் சுற்றி மினுமினுப்புத் தாள் கட்டிக் கொடுக்கிறார்கள், அதற்குள் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அடியில் ஓட்டை போடுங்கள். பஞ்சுபோலப் பனி தெளிக்கிற ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். விளக்கு எல்இடியாக இருக்கட்டும், கனமான பொம்மை தொங்கவிட்டால் கிளை சாய்ந்துவிடும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் இதை நடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தத் தீவில் 50 மீட்டருக்கு மேல் போகிற மரம் இது. டெரஸ் வீட்டு முன்னால் பத்தடி நிலத்தில் நட்டால் நாளைக்குக் கரண்டுக் கம்பியும் கூரையும் தப்பாது, வெட்டுவதற்கு ஆள் பிடித்துப் பெரிய செலவு செய்யவேண்டி வரும். விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் விற்க ஏதாவது வேண்டும் என்றால் சவுக்கு இருக்கிறது. நம் கடற்கரையிலேயே தானாக வளர்கிற மரம், கத்தரித்துக் கூம்பாக்கலாம், ஒன்றரை வருடத்திலேயே ஐந்தடி வந்துவிடும். தமிழ்நாட்டில் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். நல்ல வெயில் கேட்கும் என்பதால் வீட்டுக்குள் நாலைந்து நாளுக்கு மேல் வைக்கவேண்டாம், கிளை மெல்லியது, நட்சத்திரமும் காகிதச் சங்கிலியும் தாங்கும்.

பிளாஸ்டிக் வைத்திருப்பவரிடம் அதையே வைத்திருங்கள் என்று சொல்லுங்கள், அதில் உங்களுக்கு நட்டமில்லை. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற சுற்றுச்சூழல் ஆலோசனை அமைப்பின் கணக்கில் இரண்டு மீட்டர் செயற்கை மரத்துக்கு 40 கிலோ அளவு கரியமில வாயு, குப்பைமேட்டுக்குப் போகிற அசல் மரத்துக்கு 16 கிலோ. அது கப்பலில் நம் ஊர் வரை வருகிற மரத்துக்குப் போட்ட கணக்கு இல்லை, அதனால் அந்தக் கணக்கை இங்கே அப்படியே எடுக்கமுடியாது. ஆனால் பத்து வருடமாவது வைத்திருந்தால்தான் பிளாஸ்டிக் வாங்கியதற்கு அர்த்தம். புதிதாக வாங்க நினைப்பவர்களைத்தான் நீங்கள் பிடிக்கவேண்டும்.

இந்த வருடம் முப்பது கன்றோடு ஆரம்பியுங்கள். மூன்றடி தாண்டியதை விற்பதோடு வாடகைக்கும் விடலாம்: டிசம்பர் 20 வாக்கில் கொடுத்து, ஜனவரி தொடக்கத்தில் வருகிற மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு, அடுத்த டிசம்பர் வரை உங்கள் வலைநிழலில் தேற்றுங்கள். திரும்ப வந்த மரத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று கிளைக்கவட்டில் பார்த்து, சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு மற்றதோடு சேருங்கள்.