மூன்றாம் முறை நீட் வேண்டாம், மேட்டுப்பாளையம் போகட்டும்

கோவில்பட்டிப் பக்கம் தீக்குச்சி ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு அப்பா எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் படித்த மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. இப்போது வனவியல் படிக்கிறேன் என்கிறாளாம். 'இன்னும் ஒரு வருஷம் கோச்சிங்ல போடுங்க மாப்பிள்ளை, பணத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்' என்கிறாராம் மச்சான். பெரியம்மாவோ, 'பொம்பளைப் பிள்ளையைக் காட்டுக்கா அனுப்புவாங்க?' என்று ஒரே பிடியாக நிற்கிறாராம். இவருக்குத் தூக்கமே போய்விட்டது.

ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆறுதல் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மச்சான் ஏற்பாடு செய்யும் பணம் உங்கள் தலையில் விழும் கடன். மனைவியின் வளையல் ஏற்கெனவே வங்கியில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது முறைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். அவளே மருத்துவம் வேண்டும் என்று துடித்தால் வேறு கதை. விதை பொறுக்கி, காகிதப் பொட்டலம் கட்டி, மரத்தின் பெயரும் தேதியும் எழுதி வைக்கிற பிள்ளை அவள். அதை 'விளையாட்டுத்தனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மர ஆராய்ச்சியில் முதல் வேலையே அதுதான்.

வனவியல் என்றதும் காக்கிச் சட்டை, ஜீப், யானை என்றுதான் பெரியம்மா நினைத்திருப்பார். இந்திய வனப் பணியில் 1980-லேயே பெண்கள் சேர்ந்துவிட்டார்கள், அந்தப் பேச்சை விடுங்கள். வன அலுவலர் தேர்வுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதையும் நான் சொல்லப்போவதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது.

கோவை வன வளாகத்தில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் 1988 முதல் இயங்குகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆராய்ச்சி மற்றும் கல்விக் குழுமத்தைச் சேர்ந்த மத்திய அரசு நிறுவனம். அங்கே என்ன நடக்கிறது என்பதற்குச் சவுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் ஒரே வயலில் ஒரு மரம் நெட்டையாகவும் பக்கத்து மரம் கோணலாகவும் நிற்கும். அதனால் தோப்பு தோப்பாக அலைந்து, நேராக, வேகமாக வளர்ந்த மரங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்கிறார்கள். பிறகு அதன் இளங்குச்சிகளை வெட்டி, வேர் விடும் ஹார்மோன் தடவி, ஈரம் காக்கும் கூடாரத்தில் வைத்து வேர்பிடிக்க வைக்கிறார்கள். இதுதான் குளோன் நாற்று. அப்புறம் மணல் பூமி, உப்பு பூமி, வறண்ட பூமி என்று பல இடங்களில் நட்டு, எது எங்கே தேறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஒரு நாற்றுக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் வனவியல் படித்தவர்கள் இல்லை. மரபணுக் குறியீடு பார்ப்பவர் தாவரவியலோ உயிரித் தொழில்நுட்பமோ படித்திருப்பார். தைலமர இலையில் முண்டு முண்டாக வீங்க வைக்கும் குட்டிக் குளவியைத் துரத்த விலங்கியல் படித்த பூச்சியியலாளர் வேண்டும். சவுக்குப் பட்டையில் கொப்புளம் வந்து மரம் காய்ந்தால் பூஞ்சை தெரிந்தவர் வேண்டும். எந்தக் குளோனை எந்த வரிசையில் நடுவது என்று சோதனையை வகுத்துத் தருவதற்குப் புள்ளியியல் வேண்டும், விதையிலிருந்து எண்ணெய் பிரிக்க வேதியியல் வேண்டும். தொழில்நுட்ப உதவியாளர், நாற்றங்காலைக் கட்டிக் காப்பவர், வரைபடம் போடுபவர் என்று அது தனிப் பட்டியல். உங்கள் மகள் களத்துக்குப் போனாலும் பெரும்பாலும் கடலூர், புதுக்கோட்டை மாதிரி ஊர்களில் விவசாயியின் தோப்புக்குத்தான் போவாள்.

இனி கசப்பான பகுதி. நான்கு ஆண்டு பி.எஸ்சி., இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. முடித்தவுடன் விஞ்ஞானி நாற்காலி காத்திருக்காது. முதலில் திட்ட உதவியாளர், ஆராய்ச்சி உதவித்தொகையாளர் என்று ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அந்தக் காலத்தில்தான் பலரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறார்கள். விஞ்ஞானிப் பணிக்கு அகில இந்தியப் போட்டி, அறிவிப்பும் அடிக்கடி வராது. 22 வயதில் சம்பளம் வந்தே தீர வேண்டும் என்ற நிலைமை வீட்டில் இருந்தால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். அப்படியானால் பட்டத்தோடு தனியார் பக்கம் திரும்பலாம். காகிதபுரம், பள்ளிப்பாளையம் காகித ஆலைகள் விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்து மரம் வளர்க்க வைக்கின்றன, அதற்கு ஆள் வேண்டும். உங்கள் ஆலைக்குக் கேரளத்திலிருந்து வரும் மர லோடு தாமதமானால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாததா? தீக்குச்சிக்கேற்ற பெருமரத்தை நம் மானாவாரி நிலத்தில் வளர்ப்பதும் இந்தத் துறையின் வேலைதான்.

படிப்புக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம், அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பள்ளிக்குப் போய் அந்தச் சான்றிதழை உடனே வாங்குங்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் நன்கொடை கேட்கும் கல்லூரிக்குப் போகாதீர்கள். அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியலோ வேதியியலோ சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன நிறுவனத்துக்குள் அந்த வழியாகவும் போகலாம்.

பணம் எதுவும் கட்டுவதற்கு முன் ஒரு வேலைநாளில் அவளைக் கோவைக்குக் கூட்டிப் போங்கள். அதே வளாகத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள், அவள் பார்க்கட்டும், அங்கே இருப்பவர்களிடம் அவளே கேள்வி கேட்கட்டும். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை நிரப்பும் நாளன்று, 'வேளாண்மையை முதலில் போடு, அதுக்குத்தான் மதிப்பு' என்று யாராவது போன் செய்வார்கள். எடுக்காதீர்கள். வரிசையை அவள் போடட்டும்.