மூன்று பப், ஒரு வட்டப் பாதை: சமையலறை நேரத்திலிருந்து திட்டம் போடுங்கள்

ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நண்பர்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை லண்டனுக்கு வெளியே காடு, வயல் வழியாகச் சுற்றி, வழியில் இரண்டு மூன்று கிராமத்து பப்களில் உட்கார்ந்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பும்படி நடக்க ஆசைப்படுகிறோம். ஒருவர் குடிப்பதில்லை, இருவர் சைவம். போன தடவை வேறொரு பக்கம் போனபோது மூன்று மணிக்கு பப்பை எட்டினோம், சமையலறை மூடிவிட்டதாகச் சொல்லி சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்கள். வயலுக்கு நடுவே நடந்தால் விவசாயி சத்தம் போடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?"

கிராமத்து பப் நடையில் தூரத்தைவிட நேரம்தான் காலை வாரும். பெரும்பாலான கிராம பப்களில் மதியச் சமையல் 12 மணிக்குத் தொடங்கி இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும், அப்புறம் மாலை ஆறு மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். பல இடங்களில் திங்கட்கிழமை கதவே திறக்காது. அதனால் முதலில் வரைபடத்தைப் பார்க்காதீர்கள். எந்த பப்பில் சாப்பிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, போன் போட்டு மேஜை பதிவு செய்து, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கிளம்பும் இடத்தையும் சுற்றும் திசையையும் முடிவு செய்யுங்கள். நான் யாருக்குச் சொன்னாலும் இந்த வரிசையில்தான் சொல்வேன்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் பக்கிங்ஹாம்ஷயரில் சில்டர்ன்ஸ் குன்றுகளுக்குள் இருக்கும் ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கு. தேம்ஸ் நதிக்கு அருகே ஹாம்பிள்டன், அங்கிருந்து வடக்கே ஸ்கிர்மெட், அதற்கும் வடக்கே ஃபின்ஜெஸ்ட், அதற்கு மேற்கே ஒரு மைல் தள்ளி டர்வில் என்று நாலு கிராமங்கள். நாலிலும் பப் உண்டு: ஹாம்பிள்டனில் ஸ்டாக் அண்ட் ஹண்ட்ஸ்மன், ஸ்கிர்மெட்டில் ஃப்ராக், ஃபின்ஜெஸ்டில் தேவாலயத்துக்கு எதிரே செக்கர்ஸ், டர்வில்லில் புல் அண்ட் புட்சர். நாலையும் தொட்டுச் சுற்றினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கிராமத்து பப்கள் கைமாறுவதும், சில மாதம் மூடிக் கிடப்பதும் சகஜம் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இந்த வட்டத்தை எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்பது முக்கியம். ஹாம்பிள்டனில் காரை நிறுத்திவிட்டு நேரே பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போனால், காலை பதினொரு மணிக்கே ஸ்கிர்மெட், ஃபின்ஜெஸ்ட் எல்லாம் வந்துவிடும், சாப்பாட்டு நேரம் இருக்காது, கடைசியில் டர்வில்லில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காட்டு மேட்டில் ஏற வேண்டியிருக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள். காலை 10 மணிக்கு ஹாம்பிள்டனிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து மேற்குப் பக்கத்துக் காட்டு மேட்டில் ஏறி, அந்தப் பக்கமாக டர்வில்லில் இறங்குங்கள். இதுதான் பாதையின் நீளமான, தனிமையான பகுதி, ஐந்தரை கிலோமீட்டர் வரும், நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். வழியில் கடை கண்ணி கிடையாது.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: மணிக்கு மூன்று மைல், அதாவது 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் அது பழகிய கால்களுக்கு, நிற்காமல் நடப்பவர்களுக்கு. சேறு, கேட், போட்டோ, வழி தவறிப் பத்து நிமிடம் என்று எல்லாம் சேர்த்தால் உங்கள் நாலு பேருக்கும் மணிக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான் ஓடும். ஆக, 12 மணிக்கு டர்வில். மேஜையை 12.15-க்குப் பதிவு செய்யுங்கள், அரை மணி தாமதமானாலும் சாப்பாடு தப்பாது. சாப்பிட்ட பிறகு ஃபின்ஜெஸ்ட் ஒன்றரை கிலோமீட்டர், அங்கிருந்து ஸ்கிர்மெட் அதைவிடக் கொஞ்சம் குறைவு, கடைசி மூன்றரை, நாலு கிலோமீட்டர் ஃபெசன்ட்ஸ் ஹில் என்ற சிற்றூர் வழியாகச் சமமான வயல்வெளி. கஷ்டமெல்லாம் மதியத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

சரி, விவசாயி பயம். இங்கிலாந்தில் பொது நடைபாதையாகப் பதிவான வழியில் நடப்பது சட்டப்படி உங்கள் உரிமை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1949-ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் இந்தப் பாதைகளை ஒரு அதிகாரபூர்வ வரைபடத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும். நிலம் தனியாருடையது, அதன் மேல் போகும் அந்தக் கோட்டில் நடக்கும் உரிமை பொதுவானது. கோட்டை விட்டு விலகினால் மட்டும்தான் உரிமை போகிறது. பாதை வயலின் நடுவே போனால் விவசாயி உழலாம், ஆனால் விதைப்புக்காக முதலில் கிளறியதிலிருந்து 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பச் சரிசெய்து தர வேண்டும். வயல் ஓரமாகப் போகும் நடைபாதையை உழவே கூடாது. கோதுமை இடுப்பளவு நின்று வழியை மறைத்தால்கூட, பாதைக் கோட்டிலேயே பயிரின் ஊடே நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடங்கள், அது போதும். பெரும்பாலும் டிராக்டர் ஓட்டி வெறுந்தரையாக ஒரு கோடு விட்டிருப்பார்கள், எதிர் வேலியில் ஒரு கம்பம் தெரியும், அந்தக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போனால் சரியாக இருக்கும்.

கம்பத்தில் இருக்கும் அம்புக்குறியின் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஈரக்காலத்தில் குளம்பு பட்டு அந்தப் பாதை களிமண் குழம்பாகக் கிடக்கும். காட்டுக்குள் கம்பம் அவ்வளவாக இருக்காது. சில்டர்ன்ஸ் காடுகளில் அதற்குப் பதில் மரத்தின் மேலேயே வெள்ளைப் பெயின்ட்டில் அம்பு போட்டிருப்பார்கள். பீச் மரத்தின் பட்டை சாம்பல் நிறம், வழவழப்பு, அதில் அந்த வெள்ளை அம்பு கண் மட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் இலையுதிர்காலத்தில் தரை முழுக்கச் செம்பு நிறச் சருகு மூடி, எது பாதை எது தரை என்று தெரியாது. அப்போது புதியவர்கள் எல்லோரும் செய்வது, மரம் வெட்டும் வண்டி போன அகலமான தடத்தைப் பாதை என்று நம்பி அதிலேயே போய்விடுவது. பொது நடைபாதை பெரும்பாலும் அதைவிடக் குறுகலானது. ஒரு அம்பைத் தாண்டியதும் அடுத்த அம்பு கொஞ்ச தூரத்தில் கண்ணில் படவில்லை என்றால், முன்னே போய்த் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த அம்புக்கே திரும்பி வந்து அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் இந்தக் காட்டில் தொலைவது கஷ்டம்.

வரைபடம் கட்டாயம் வேண்டும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 171-ஆம் எண் இந்தப் பகுதிக்கானது, 1:25,000 அளவு, வயல் வேலிகள்கூடத் தெரியும். வேலிக்கு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதுதான் பாதிக் குழப்பம், அதை இந்த அளவு வரைபடம்தான் தீர்த்து வைக்கும். போனில் வைத்துக்கொள்வதானால் முன்கூட்டியே பதிவிறக்கிவிடுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்பக் கூடாது.

காலணி விஷயத்தில் இந்த நிலத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது. சில்டர்ன்ஸ் முழுக்க அடியில் சுண்ணாம்புப் பாறை, மழை நீரை உறிஞ்சிவிடும், பள்ளத்தாக்கில் ஓடும் ஹாம்பிள் புரூக் ஓடையே கோடையில் மேல்பகுதியில் வற்றிப்போகும். ஆனால் குன்றின் உச்சியில் அந்தப் பாறைக்கு மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் மூடியிருக்கிறது. அதனால் கீழே கிராமத்தில் தரை காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மழை விட்டு நாலு நாள் ஆனாலும் மேலே காட்டுக்குள் சகதி இருக்கும். டர்வில் பக்கம் இறங்கும்போது சரிவு வழுக்கும். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் போடுங்கள். கோடையில் அரைக்கால் சட்டையும் வேண்டாம், பாதை ஓரத்து நெட்டில் செடி நம் ஊர்ச் செந்தட்டி போலவே சுணைக்கும், உயரமான புல்லில் உண்ணியும் உண்டு, அது கடித்தால் லைம் நோய் வரக்கூடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கன்றுடன் இருக்கும் பசுதான் ஆபத்து. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், மந்தை பாதையின் மேலேயே நின்றால் தள்ளிச் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். யாராவது நாயோடு வந்து மாடு துரத்தினால், நாயை அவிழ்த்துவிட வேண்டும், மாட்டின் கோபம் நாயின் மேல்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்.

இனி பப். சேற்றுக் காலோடு போகலாமா என்று தயங்காதீர்கள், இவர்களுக்கு நடப்பவர்கள் பழக்கம்தான், ஆனால் கம்பளம் விரித்த சாப்பாட்டு அறைக்குள் போகும் முன் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு போவது மரியாதை. பல பப்களில் மேஜைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள், மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்ச் சொல்லிவிட்டு அங்கேயே பணம் கட்ட வேண்டும். முறை வைத்து ஒவ்வொருவராக எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்குவது வழக்கம், ஆனால் நாலு பேர், மூன்று பப் என்றால் அந்தக் கணக்கு தலைக்கு ஏறிவிடும். பைன்ட் என்பது 568 மில்லி. அரை பைன்ட் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். குடிக்காத நண்பர்தான் கார் ஓட்டப் போகிறார் என்று நினைக்கிறேன், அவருக்கு லைம் சோடா, ஜிஞ்சர் பீர், ஆல்கஹால் இல்லாத பீர் என்று எல்லாம் கிடைக்கும், தேநீர்கூடக் கேட்கலாம்.

சைவ நண்பர்கள் மெனுவில் சைவம் என்பதற்கான V குறியைப் பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸ் பொரிப்பது உண்டு, ரோஸ்ட் உருளைக்கிழங்கு மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வெந்திருக்கலாம், காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம், யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று: பீப்பாயில் வரும் ஏல் என்ற பீர் வகை தெளிவதற்காக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. சைவர்கள் அதைத் தவிர்ப்பதாக இருந்தால், எது சேர்க்காதது என்று கேட்டு வாங்கலாம். மேஜை பதிவு செய்யும்போதே இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டால் சமையலறைக்கும் வசதி.

சாப்பிட்டுவிட்டு டர்வில்லிலிருந்து கிளம்பும்போது தலைக்கு மேலே குன்றின் மீது வெள்ளைக் காற்றாலை தெரியும், அந்தச் சரிவைத் தாண்டித்தான் ஃபின்ஜெஸ்ட். அங்கே தேவாலயத்தை அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள். நார்மன் காலத்துக் கோபுரம், அகலத்தில் தேவாலயத்தையே சிறிதாக்கிவிடுகிறது, உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முக்கோணக் கூரைகள். இங்கிலாந்தில் இப்படி ஒன்றைக் காண்பது மிக அரிது, எனக்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிடித்த கட்டடம் அதுதான். மேலே வட்டமிடும், வால் நுனி பிளந்த செந்நிறப் பருந்து ரெட் கைட், இங்கிலாந்தில் அற்றுப்போன இந்த இனத்தை 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள்.

கார் இல்லாமல் போவதானால் ரயிலில் தேம்ஸ் கரையிலுள்ள ஹென்லி ஊர் வரை வந்து டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். தேம்ஸ் கரையோரமாக நடந்தும் ஹாம்பிள்டனுக்கு வரலாம், ஆனால் போக வர 10 கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும், முதல் தடவைக்கு அது வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்? ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் காட்டுத் தரையில் நீலமணிப் பூக்கள் விரிந்திருக்கும், பீச் இலை தளிர்ப் பச்சையாக இருக்கும், முதல் தடவைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. அக்டோபரும் அழகுதான். ஆனால் அந்த மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியதும் மாலை நாலே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே. அதற்குப் பிறகு போவதானால் 10 மணி என்பதை 9 ஆக்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு பப்போடு நிறுத்தி, ஆளுக்கொரு டார்ச் எடுத்துப் போங்கள்.