பதில்: நினைவிட வரைபடத்தில் இழப்பு தெரியவில்லை

நீங்கள் வரைந்திருக்கும் நினைவிடத்தின் நடுவில் உள்ள சிலையை எடுத்துவிடுங்கள். குழிந்த முற்றம், சுற்றிலும் சுவர் எல்லாம் இருந்தும் வெறுமை வரவில்லை என்கிறீர்கள். கண் போய் நிற்க ஒரு பொருள் கிடைத்துவிடுகிறதே, அதுதான் காரணமாக இருக்கும்.

ஆனால் வெறும் குழியும் போதாது. பெர்லினின் பெபெல் சதுக்கத்தில், 1933-இல் நாஜிகள் புத்தகங்களை எரித்த இடத்தில், சிற்பி மிக்கா உல்மன் 1995-இல் தரைக்கடியில் ஓர் அறை அமைத்தார். நான்கு பக்கமும் வெள்ளை அலமாரிகள். சுமார் 20,000 புத்தகங்கள் கொள்ளும், ஒன்றுகூட இல்லை. தரையில் பதித்த கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கலாம், இறங்க வழி கிடையாது. அலமாரி இருப்பதால்தான் எது இல்லை என்று சட்டென்று புரிகிறது. உங்கள் இடத்துக்கு அந்த அலமாரி எது? அதைத் தேடுங்கள்.

சரி, ஒரு சோதனை. நினைவிடத்தின் சிறு மாதிரியைக் கண் மட்டத்தில் படம் எடுத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "இங்கே என்ன இருந்தது?" என்று அவர் கேட்டால் நெருங்கிவிட்டீர்கள்.

அப்புறம், இறந்தவர்களின் பெயர்களை மட்டும் நீக்கிவிடாதீர்கள். வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் (1982), மெருகேற்றிய கருங்கல்லில் பெயர்களின் ஊடே பார்ப்பவர் முகமும் தெரியும். வருகிறவர்கள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். இறந்தவரின் வீட்டாருக்குத் தொட ஏதாவது வேண்டும்.