வரலாற்று வாத்தியார் பதில்கள்

(அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சம்பந்தரிடம் வாதத்தில் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் மதுரையில் கழுவேற்றப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று வகுப்பில் சொன்னார்களாம். சம்பந்தர் பதிகம் பாடாமல் விளக்கு வைக்காத குடும்பம் எங்களுடையது. இப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சாமி மேலேயே நம்பிக்கை போய்விடாதா?
- ஒரு தாய், திண்டுக்கல்

போகாது அம்மா. நானும் திருநீற்றுப் பதிகம் கேட்டு வளர்ந்தவன்தான், இந்தப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்கும் போகிறேன். ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. சைவர்களுக்கும் சமணர்களுக்கும் அப்போது கடுமையான போட்டி இருந்தது உண்மை, அவருடைய பதிகங்களிலேயே சமணர்களைச் சாடும் வரிகள் வருகின்றன, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கழுவேற்றத்தை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுதப்பட்டது. நடுவில் கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் போய்விட்டது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக் கல்வெட்டு ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே பழனி பக்கம் ஐவர்மலை இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். மலைச்சரிவில் வரிசையாக, சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் இருக்கும். அங்கே இருந்த பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரரின் உருவத்தைப் புதுப்பித்ததையும் அதற்குப் பொன் கொடுத்ததையும் சொல்லும் கல்வெட்டு கி.பி. 870-ஐச் சேர்ந்தது, வரகுண பாண்டியன் காலம். கழுகுமலைச் சமணச் சிற்பங்களும் மதுரைக்குப் பக்கத்துச் சமணர் மலைக் கல்வெட்டுகளும் சம்பந்தருக்குப் பிந்தியவைதான். சமணர்கள் பாண்டிய நாட்டில் அதற்கப்புறமும் பல தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள், அரசர்களும் அவர்களை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

நான் இதை வகுப்பில் நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு நூற்றாண்டுகளையும் எழுதிவிட்டு, 'இது எப்போது நடந்ததாகச் சொல்கிறார்கள், யார் எப்போது எழுதினார்கள்?' என்று மட்டும் கேட்பேன். பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசி வரும் பெண்தான் பெரும்பாலும் முதலில் கையைத் தூக்குவாள். இன்றைக்கு மேடைகளில் இந்த எண்ணாயிரத்தைப் பெருமைக்காக ஒருவர் பேசுகிறார், பழிசொல்ல இன்னொருவர் பேசுகிறார். இரண்டு பேச்சையும் கேட்டு வரும் பிள்ளைக்கு ஐவர்மலையைக் காட்டாமல் விடுவது நம் தவறாகிவிடும் அம்மா.

சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் எந்தக் கட்சி?
- கல்லூரி மாணவர், திருச்சி

தம்பி, என் ஓட்டு யாருக்கு என்பதை நான் வீட்டிலும் சொல்வதில்லை. அரசு ஊழியர் கட்சி வேலை பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அது ஒரு பக்கம். வாக்குச்சாவடி அலுவலராக நாள் முழுக்க எல்லாக் கட்சி முகவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, சாயங்காலம் அவர்கள் கண்ணெதிரே முத்திரை வைக்கிறவன் நான், யாருக்கும் என் மேல் சந்தேகம் வரக் கூடாது.

அதற்காக வகுப்பில் அரசியலே பேச மாட்டேன் என்று நினைத்துவிடாதே. பத்தாம் வகுப்பில் மதிய உணவை வைத்துத்தான் தொடங்குவேன். மணி பன்னிரண்டைத் தாண்டினால் சமையல் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வகுப்பு வரைக்கும் வந்துவிடும், பாடம் அதற்கு மேல் ஓடாது, அதையே பாடமாக்கிவிடலாம். இதை யார் கொண்டுவந்தது என்று கேட்டால் பாதி வகுப்பு காமராஜர் என்று சொல்லும், கொஞ்சம் பேர் எம்.ஜி.ஆர். என்பார்கள், முட்டை கலைஞர் போட்டது என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். ஒவ்வொருவர் வீட்டுச் சுவரில் யார் படம் இருக்கிறது என்பது அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் வருஷங்களை வரிசையாக எழுதச் சொல்வேன். 1920-இல் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது, செலவுக்கு வெள்ளைக்கார அரசு இசையாததால் சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1956-இல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். இரண்டு வருஷம் கழித்து அது பத்தாம் வகுப்பு வரை வந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கிவைத்தார். நீதிக்கட்சி, காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க. என்று ஒரு தட்டுச் சோற்றில் நான்கு கட்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. தன் தலைவரின் பெயர் பலகையில் வந்ததும் பிள்ளைக்குச் சந்தோஷம் வருகிறது, அடுத்த வீட்டுக்காரரின் தலைவரும் அதே பலகையில் இருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் அமைதி வருகிறது. அடுத்த கேள்வியை நான் கேட்க வேண்டிய தேவையே இல்லை, 'அப்புறம் ஏன் சார் எல்லாரும் சண்டை போடுகிறார்கள், நின்றுபோனது ஏன், பணம் எங்கிருந்து வருகிறது?' என்று அவர்களே கேட்பார்கள். வரி, பட்ஜெட், சட்டமன்றம் எல்லாம் அந்தக் கேள்வியின் பின்னாலேயே வந்துவிடும். எனக்குத் தெரிந்து அரசியலைச் சொல்லித்தர இதைவிட நேரான வழி இல்லை.

உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?
- வாசகர், கோவில்பட்டி

உண்டு. முழு நம்பிக்கை. ஆனால் முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. என் வகுப்பில் இயேசுவை வணங்கும் பிள்ளையும் தொழுகைக்குப் போகும் பிள்ளையும் எதையும் கும்பிடாத பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பிரிவை எழுதியவர்களை மனதாரக் கும்பிடத் தோன்றுகிறது.

பிள்ளைகள் மறந்துகொண்டிருக்கும் சாதியைப் பாடப்புத்தகம்தான் கிளறி விடுகிறது. கோயில் நுழைவு, தீண்டாமை எல்லாம் இப்போது எதற்கு?
- கடை உரிமையாளர், விருதுநகர்

மறந்துகொண்டிருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான் அண்ணாச்சி. ஆனால் கையில் என்ன நிறக் கயிறு கட்டினால் என்ன சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். அதற்கப்புறம்தான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது, அடுத்த வருஷம் வந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யும் பரிந்துரையும் இருந்தது.

1939 ஜூலை 8-ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த ஒரு சிறு குழுவை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அதில் இருந்தார், உங்கள் விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தார். இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவுக்குத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து போன பிள்ளைக்கு, அந்தத் தாத்தாவின் அப்பா கோபுரத்தை வெளியிலிருந்து மட்டுமே கும்பிட்டார் என்பது புதிய செய்தி. ஒரு பையன் எழுந்து, 'எங்கள் ஆட்கள் உள்ளே போக முடியாதவர்களா, தடுத்தவர்களா சார்?' என்று கேட்டான். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வா என்று அனுப்பினேன். கேட்டு வந்தான், கயிற்றை அவிழ்த்துவிட்டும் வந்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படி அவிழ்ப்பதில்லை, ஆனாலும் அந்தப் பாடத்தை விட எனக்கு மனம் வராது.

உத்திரமேரூர்க் குடவோலைதான் உலகின் முதல் ஜனநாயகம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பரீட்சையில் எழுதலாமா சார்?
- பத்தாம் வகுப்பு மாணவி, காஞ்சிபுரம்

எழுதாதே அம்மா. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்பே ஏதென்ஸ் நகரத்தில் குலுக்கல் முறை இருந்தது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-உம் 921-உம், பெருமைப்படத் தகுந்தவை. முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), பானையில் ஓலை, ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பது, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதி, இதையெல்லாம் எழுது. கூடவே, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே, அதுவும் பிராமணர் ஊர்ச் சபைக்கு, நிற்க முடிந்தது என்பதையும் எழுது. நீயும் நானும் அந்தப் பானையில் இருந்திருக்க மாட்டோம். உனக்குப் பதினெட்டு ஆனதும் ஓட்டு உண்டு, அந்த வயது 21-லிருந்து குறைந்தது 1989-இல்தான்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை ஒரே ஒரு இடத்துக்கு அழைத்துப்போக முடியும். எங்கே போகலாம்?
- ஓய்வுபெற்றவர், அம்பத்தூர்

வேலூர்க் கோட்டை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகள் நடக்க மாட்டார்கள். ஒரே கோட்டைச் சுவருக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. கோயில் பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981-இல்தான் மறுபடி லிங்கம் வைக்கப்பட்டது. கல்யாண மண்டபத்துத் தூண்களைக் காட்டிவிட்டு, 1806 ஜூலை 10 விடியற்காலையில் அங்கே சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்று சொல்லுங்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுத் தலைப்பாகை வைத்தே ஆக வேண்டும் என்ற கிழக்கிந்தியக் கும்பெனியாரின் உத்தரவுகள்தான் அவர்களைக் கொதிக்க வைத்தன. குறி இட்டவர்களும் தாடி வைத்தவர்களும் சேர்ந்தே எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார், செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அந்த உத்தரவுகள் வாபஸ் ஆயின, சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளேயே அருங்காட்சியகம் உண்டு, வெளியே மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது, திரும்பும்போது அங்கேயும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.