விழாத பாலம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை உதவிப் பேராசிரியர். இந்தப் பருவத்தில் தொழில்முறை அறம் என்ற பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். அறம், ஒழுக்கம், விழுமியம் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் எப்படி விளக்குவீர்கள்? நல்ல மனிதராக இருந்தால் போதாதா, தொழிலுக்கென்று தனி அறம் எதற்கு? சேலஞ்சர், போபால், செர்னோபில் என்று நடத்தினால் மாணவர்கள் கதை கேட்பதுபோலக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தப் பாடத்தின் 12 வகுப்புகளைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக் குழு வருகிறது என்று, அவை நடந்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை என்றாலும்... இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ச.

*

அன்புள்ள ச.,

முதல் கேள்வியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒழுக்கம், ஊர் உங்களிடம் எதிர்பார்ப்பது. ஒழுகுதலிலிருந்து வந்த சொல்; தண்ணீர் போன தடத்திலேயே போவது. விழுமியம், நீங்கள் பெரிதென்று வைத்திருப்பது. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது என்று திகைக்கிறீர்களே, அங்கே அறம் தொடங்குகிறது. இரண்டு மதிப்பெண்ணுக்கு இது தாராளம். விழுமம் என்ற பழஞ்சொல்லுக்குச் சிறப்பு என்றும் பொருள், துன்பம் என்றும் பொருள். எனக்குப் பிடித்த செய்தி என்பதால் சொல்கிறேன், தேர்வில் வராது.

நல்ல மனிதராக இருந்தால் போதாது. குற்றம் செய்தவர்தான் என்று தன் மனதுக்குப் பட்டாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்கிறது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி. நல்ல மனிதர் எழுந்து போய்விடுவார்; நல்ல வழக்கறிஞர் போகக்கூடாது. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"யாருக்கும் நஷ்டமில்லை என்றாலும்" என்று எழுதி மூன்று புள்ளி வைத்தீர்களே, அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இந்தப் பதில்.

1994இல் முசிறிப் பக்கம் ஒரு சிறுபாலம். டிப்ளமோ முடித்துவிட்டு ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். கான்கிரீட் எம்20 தரம். அதன் பலத்தைச் சோதிக்கும் கட்டிக்கு கியூப் என்று பெயர். பாலத்துக்குப் போகிற கலவையிலிருந்தே அள்ளி, எண்ணெய் தடவிய இரும்பு மோல்டில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து குத்த வேண்டும். மறுநாள் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர், எடை எட்டுக் கிலோ. 28ஆம் நாள் லேபில் நசுக்கும்போது அந்தக் கட்டி சுமார் 45 டன் தாங்கியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் சைட்டில் கியூபுக்கென்று ஓரமாகத் தனிக் கலவை போடுவோம். மேஸ்திரி அதில் அரைச் சட்டி சிமென்ட் கூடக் கொட்டுவார், தண்ணீரை மருந்து மாதிரி அளந்து ஊற்றுவார். பாலத்துக்குப் போன கலவைக்கு ஹோஸ் பைப்பில்தான் தண்ணீர். ஐம்பது வயதுச் சித்தாள் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "பரீச்சைக்குப் போற புள்ளைக்கு மட்டும் முட்டை வெக்கிறாப்ல இருக்கு தம்பி." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ரிஜிஸ்டரில் தேதியும் விகிதமும் எழுதி, 'பணியிடத்தில் எடுக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பொய்கூட இல்லை பாருங்கள், பணியிடத்தில்தானே எடுத்தோம்! கியூப் ஜம்மென்று பாஸ்.

அந்தப் பாலம் விழவில்லை. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது அதன்மேல் கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது.

உங்கள் பாடத்தில் இந்தப் பாலம் கிடையாது. விழுந்தவை, வெடித்தவை, கசிந்தவை மட்டும்தான் உண்டு. தப்பு செய்தால் ஏழு பேர் சாவார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். மாணவனுக்குத் தெரியும், பெரும்பாலும் யாரும் சாவதில்லை. அவன் மாமா சைட்டில் நடப்பதைப் பார்த்தவன் அவன். சிரிக்காமல் என்ன செய்வான்? வடிவமைப்பவர் கான்கிரீட்டின் பலத்தைக் குறைத்தும், சுமையைக் கூட்டியும்தான் கணக்குப் போடுகிறார். தெரியாமல் வரும் பிசகுக்காக அவர் ஒதுக்கிய பங்கு அது. தெரிந்தே நாங்கள் அதில் கைவைத்துத் தின்றோம். பாலம் நிற்பதால் தின்றது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சேலஞ்சரையே எடுங்கள். அந்த அமெரிக்க விண்கலம் ஏழு பேரோடு வானில் சிதறிய 1986 ஜனவரி 28, 73ஆவது விநாடி என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஒரு வருடம் முன்னால் தொடங்குங்கள். 1985 ஜனவரியில் டிஸ்கவரி என்ற இன்னொரு விண்கலம் புறப்பட்டபோது, அதை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் வெப்பம் 12 டிகிரி செல்சியஸ்தான். பத்திரமாகத் திரும்பியது. கடலிலிருந்து மீட்ட பூஸ்டரைப் பிரித்துப் பார்த்தால் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான முதல் ஓ-ரிங்கைத் தாண்டிக் கன்னங்கரேலென்று கரி. குளிரில் ரப்பர் விறைத்துச் சரியாக அடைக்கவில்லை. பூஸ்டர் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி அதைப் பார்த்து அரண்டு, ஜூலையில் மேலிடத்துக்கு எழுதினார். ஆனால் விண்கலங்கள்தான் போய்ப்போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தனவே! ஒவ்வொரு முறை திரும்பியபோதும் அந்தக் கரி கொஞ்சம் சாதாரணமாகிப்போனது. சேலஞ்சர் புறப்படுவதற்கு முந்தைய குளிர் இரவில், ஏவலாமென்று கையெழுத்துப் போட அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் மறுத்தார். அவருக்கு மேலே இருந்தவர் போட்டு ஃபேக்ஸில் அனுப்பிவிட்டார். மறுத்ததால் எதுவும் நிற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் 12 வகுப்புகளுக்கு வருகிறேன். அறப் பாடத்துக்கே கள்ளக் கணக்கு எழுதிவிட்டு விழுமியத்துக்கு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். கணிதத்துக்கு எடுத்தது நிர்வாகம், சரி. பேனா யார் கையில் இருந்தது? 'அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை' என்று பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுவதுபோல எழுதி அதிலேயே நீங்களும் ஒதுங்கிக்கொண்டீர்கள். நடக்காத வகுப்புக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று அந்த அறுபது பேருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

வேலையை விடச் சொல்லவில்லை. தனியார் கல்லூரிச் சம்பளமும் அது வருகிற தேதியும் எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நீங்கள் மூன்று புள்ளியாவது வைத்தீர்கள். நாளைக்கு வகுப்புக்கு அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் போட்ட கையெழுத்தைக் காட்டி, போட்டபோது என்ன நினைத்தீர்கள் என்று சொல்லுங்கள். சேலஞ்சரை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் என் கியூபையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெயரோடு.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாது அம்மா, சக ஆசிரியர் யாரையாவது கேளுங்கள்.